கோவிலுக்கும் ஹேன்போன் கேமுக்கும் என்ன சம்பந்தம்? நாங்க ஆரம்பிக்கப் போற தளத்தைப் பத்தி



போன ஞாயிற்றுக்கிழமை நம்ம ஆலய அறிவிப்புப் பலகையில ஒரு தாள் ஒட்டினோம். "கைப்பேசி விளையாட்டுகள் பற்றி தமிழில் ஒரு புதிய இணையத்தளம், கலந்துரையாடல்" அப்படின்னு. அன்னிக்கு ராத்திரியே வாட்சப் குழுவுல கேள்வி மேல கேள்வி. "கோவில் சேவைக்காரங்களுக்கு வேற வேலை இல்லையா?" "திருப்பணிப் பணத்துல கேமா?" "பிள்ளைங்க கெட்டுப் போக நீங்களே கதவைத் திறந்து விடுறீங்களா?" கேட்டவங்க எல்லாரும் நமக்கு வேண்டியவங்க, வருஷக்கணக்கா ஒண்ணா காய்கறி நறுக்கினவங்க. அதனால தனித்தனியா பதில் போடாம இங்கேயே முழுசா எழுதிடுறோம். கொஞ்சம் நீளம். ஒரு தேத்தண்ணி போட்டுக்கிட்டு படிங்க.

முதல்ல பணம். உண்டியல்ல இருந்தோ திருப்பணி நிதியில இருந்தோ ஒரு சென் கூட எடுக்கல, எடுக்கவும் மாட்டோம். ஒரு வருஷத்துக்குத் தளப் பேரைப் பதிவு பண்ணி இடம் வாடகைக்கு எடுக்கற செலவு, நாம ஒரு வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குச் செலவு பண்ற அளவுகூட வராது. சேவைக்காரங்க எட்டு பேர் பகிர்ந்து போட்டாச்சு. தளம் கோவில் பேர்லயும் வராது. இது நிர்வாகத்துல இருக்கற பெரியவர் ஒருத்தர் போட்ட நிபந்தனை. அவர் சொன்னது சரிதான்னு எங்களுக்கும் பட்டுச்சு. கோவில் கொடுக்கறது அன்னதானக் கூடத்துக்கு மேல இருக்கற சமய வகுப்பு அறை, கரண்டு, ஃபேன், அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றோம்.

வெள்ளிக்கிழமை சாயரட்சை பூஜை முடிஞ்சதும் செருப்பு வைக்கற இடத்துக்குப் பக்கத்துல போய்ப் பாருங்க. பத்துப் பதினஞ்சு பையனுங்க, நாலஞ்சு பொண்ணுங்க, எல்லாத் தலையும் குனிஞ்சபடியே இருக்கும். "டேய் டேய் லோர்டு லோர்டு", "பின்னாடி போடா", "லேக் அடிக்குது". பெரியவங்களுக்கு எரிச்சல் வர்றது நியாயம்தான். கூட்டத்துல ஒருத்தர், கோவில் வைஃபையை நிறுத்திட்டா சரியாப் போயிடும்னார். நாங்க ஒத்துக்கல. இங்க வைஃபை இல்லைன்னா எதிர்ல மாமாக் கடை இருக்கு. ஒரு தே ஆய்ஸ் வாங்கினா ராத்திரி பன்னண்டு வரைக்கும் உக்காரலாம். அங்க பக்கத்து மேசையில யாரு உக்காந்திருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. இங்கேயாவது அம்மன் கண்ணு பார்க்குது, நம்ம கண்ணும் பார்க்குது.

அப்புறம் நடந்த ஒரு சின்ன விஷயம் எங்களை யோசிக்க வச்சுச்சு.

சமய வகுப்புல டீச்சர் மகாபாரதம் நடத்திக்கிட்டு இருந்தாங்க. பீமனுக்கும் இடிம்பிக்கும் பொறந்த பிள்ளை யாருன்னு கேட்டாங்க. வழக்கமா கை தூக்கற பிள்ளைங்க முழிக்குது. கடைசி வரிசையில உக்காந்து வாயே திறக்காத ஒரு பையன், "காதோத்காச்சா, டீச்சர்!" அப்படின்னான். கடோற்கசனைத்தான் சொன்னான், மலாய்க்காரங்க, இந்தோனேசியாக்காரங்க உச்சரிக்கற மாதிரி. "எப்படிடா தெரியும்?" "மொபைல் லெஜெண்ட்ஸ்ல இருக்கான் டீச்சர். டேங்க் ஹீரோ. எத்தனை அடிச்சாலும் தாங்குவான்."

எங்களுக்கு அது புதுசு. தேடிப் பார்த்தோம். உண்மைதான். மொபைல் லெஜெண்ட்ஸ் 2016ல வந்த கேம். சீனாவுல ஷாங்காய் நகரத்து மூன்டோன் கம்பெனி செஞ்சது, 2021ல டிக்டாக் வச்சிருக்கற பைட்டான்ஸ் அந்தக் கம்பெனியை வாங்கிடுச்சு. அஞ்சு பேர் ஒரு பக்கம், அஞ்சு பேர் எதிர்ப்பக்கம், எதிரியோட கோட்டையை உடைச்சா ஜெயிச்ச மாதிரி. இந்த வட்டாரத்துல ஆட்களைப் பிடிக்கணும்னு அந்தக் கம்பெனி நம்ம பக்கத்துக் கதைகளையெல்லாம் தேடி எடுத்திருக்கு. பிலிப்பைன்ஸ் வீரன் லாப்பு லாப்பு இருக்கான். நம்ம செஜாரா மெலாயுவுல வர்ற பலசாலி படாங் இருக்கான். ஜாவா வாயாங் கூத்துல மேகத்துல பறக்கற கடோற்கசனும் இருக்கான். ஜாவாவுல அவனுக்கு அவ்வளவு மதிப்பு. 1995ல முதல்ல பறந்த, இந்தோனேசியா சொந்தமா செஞ்ச விமானத்துக்கே அவன் பேரைத்தான் வச்சாங்க. நம்ம ஊருல பாரதக் கதை கேட்டவங்களுக்கே கடோற்கசன்னா மாயாபஜார் படம்தான் ஞாபகம் வரும். அவன் பேரை நம்ம பிள்ளைக்கு ஞாபகப்படுத்த ஷாங்காய்ல இருந்து ஒரு கம்பெனி வரவேண்டி இருந்திருக்கு. இதுல சந்தோஷப்படறதா வருத்தப்படறதான்னு எங்களுக்கு இன்னும் முடிவா தெரியல.

அந்தப் பையனுக்குக் கடோற்கசனோட கவசம் தெரியும், அடி தெரியும், எந்த நேரத்துல எந்தப் பட்டனை அமுக்கணும்னு தெரியும். அவன் எப்படி செத்தான்னு தெரியாது. டீச்சர் விடல. பதினாலாவது நாள் யுத்தம் ராத்திரியிலும் நிக்காம நடந்தது, இருட்டுல அரக்கருக்குப் பலம் கூடும், கடோற்கசன் கௌரவர் சேனையைத் துவம்சம் பண்ணினான். கர்ணன் கவச குண்டலத்தைக் கொடுத்து இந்திரன்கிட்ட வாங்கின சக்தி ஆயுதத்தை அர்ஜுனனுக்குன்னே பொத்திப் பொத்தி வச்சிருந்தான். ஒரு தடவைதான் விட முடியும். வேற வழியில்லாம அதைக் கடோற்கசன் மேல விட்டான். அவன் விழும்போதுகூட உடம்பைப் பெருசாக்கி எதிரி சேனை மேலேயே விழுந்தான். டீச்சர் சொல்லி முடிக்கறப்போ அறையில ஒரு சத்தம் இல்ல. ஒருத்தன் மட்டும், "அப்ப அர்ஜுனன் உயிரு இவனாலதான் பொழைச்சுச்சா அங்கிள்?" அப்படின்னு எங்களைப் பார்த்துக் கேட்டான். இருபது நிமிஷத்துல முடியற வகுப்பு அன்னிக்கு ஒரு மணி நேரம் போச்சு.

கேமும் கோவிலும் ஒண்ணுக்கொண்ணு ஆகாதுன்னு சொல்றவங்களுக்கு இன்னொண்ணு. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் முழிக்க நம்ம பாட்டிமார் என்ன செஞ்சாங்க? பரமபதம் விளையாடினாங்க. தாயக்கட்டை உருட்டி, ஏணியில ஏறி, பாம்புல இறங்கி. புண்ணியம் செஞ்சா ஏணி, பாவம் செஞ்சா பாம்பு. அந்த விளையாட்டுதான் வெள்ளைக்காரன் ஊருக்குப் போய் பாம்பும் ஏணியுமா ஆச்சு. தமிழ்நாட்டுப் பழைய கோவில் மண்டபங்கள்ல தரைக்கல்லுல ஆடுபுலி ஆட்டக் கட்டம் செதுக்கி இருக்கறதை யாத்திரை போனவங்க பார்த்திருப்பீங்க. நம்ம பல்லாங்குழிக்கும் மலாய்க்காரங்க சோங்காக்குக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. திருவாரூர் மாவட்டத்துல நீடாமங்கலத்துக்குப் பக்கத்துல பூவனூர்னு ஒரு ஊரு, அப்பர் பாடின தலம். அங்க சுவாமி பேரே சதுரங்க வல்லபநாதர். ராஜகுமாரியாப் பொறந்த அம்பாளைச் சதுரங்கத்துல ஜெயிச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டார்னு தலபுராணம். 2022ல மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட் நடந்தப்போ தொடக்க விழாவுல இந்தியப் பிரதமரே இந்தக் கோவிலைப் பத்திச் சொன்னார்.

சாமி விளையாடினார் சரி. ஆனா தர்மரும் விளையாடினாரே? நாட்டை வச்சு, தம்பிமாரை வச்சு, கடைசியில திரௌபதியையே வச்சு. பூவனூர்லயும் காய் நகர்த்தினாங்க, அஸ்தினாபுரத்துலயும் காய் உருட்டினாங்க. ஒண்ணைக் கும்பிடுறோம், இன்னொண்ணைக் கேட்டா இன்னிக்கும் வயிறு எரியுது. எங்கே விளையாட்டு முடியுது, எங்கே சூது ஆரம்பிக்குதுன்னு பிள்ளைங்களுக்கும் தெரியணும், பெத்தவங்களுக்கும் தெரியணும். இந்தத் தளம் அதுக்குத்தான். வேற பெரிய லட்சியம் ஒண்ணும் இல்ல.

இது வெறும் பேச்சு இல்ல. நம்ம கோவிலுக்கு வர்ற ஒரு குடும்பத்துல நடந்ததைச் சொல்றோம். அவங்க அனுமதியோடதான் எழுதறோம். பேரு வேண்டாம், யாருன்னு ஊகிச்சாலும் தயவுசெஞ்சு கீழே எழுதாதீங்க.

அந்த அம்மா புக்கிட் மின்யாக் பக்கம் ஒரு ஃபேக்டரியில ஆப்பரேட்டர். நைட் ஷிப்ட் முடிச்சு காலையில வந்து படுப்பாங்க. பையன் படிவம் இரண்டு. கேமுக்குள்ள வைரம்னு ஒண்ணு இருக்கு, நிஜக் காசு கொடுத்து வாங்கறது. அதை வச்சு ஹீரோவுக்குப் புது உடுப்பு வாங்கலாம். யாரோ முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் பாதி விலைக்கு வைரம் தர்றேன்னு செய்தி அனுப்பியிருக்கான். முதல்ல பத்து வெள்ளி கேட்டான், வைரமும் கொடுத்தான். நம்பிக்கை வந்துடுச்சு. அடுத்த தடவை, "உன் அம்மா போனுக்கு ஆறு நம்பர் வரும், அதைப் படிச்சுச் சொல்லு" அப்படின்னான். அம்மா தூங்கறாங்க, போனு தலைமாட்டுல. பையன் படிச்சுச் சொன்னான். மூணு தடவை. ஆயிரத்து நானூத்து அறுபது வெள்ளி போச்சு. வாடகைக்கு எடுத்து வச்ச காசு.

அந்த அம்மா வங்கிக்கு ஓடினாங்க. "என் மகன் கேம் விளையாடினான், காசு போச்சு", இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்காங்க. கேட்டவங்களுக்குப் பையனே வாங்கிச் செலவழிச்ச மாதிரிதான் புரிஞ்சுது. வைரம்னா என்ன, அந்த ஆறு நம்பர் எதுக்கு, இதுல ஏமாத்துக்காரன் எங்கே வந்தான், அதைச் சொல்ல அவங்களுக்கு வார்த்தை இல்ல. வார்த்தை இருந்திருந்தா உடனே 997க்கு அடிச்சிருப்பாங்க. நாட்டுல 2022ல இருந்து மோசடிக்குன்னே இருக்கற எண் அது, காசு இன்னொரு கணக்குக்குத் தாவறதுக்குள்ள சொன்னாத்தான் பிரயோஜனம். எங்ககிட்ட வந்தப்போ ரெண்டு நாள் ஆகியிருந்துச்சு.

காசைவிட மோசமானது ஒண்ணு நடந்துச்சு. விஷயம் எப்படியோ பரவி, கோவில் வாசல்லயே யாரோ ஒருத்தர் அந்தப் பையன் காதுபட "அம்மா காசைத் திருடினவன்"னு சொல்லிட்டாங்க. உறுமி மேளக் குழுவுல நல்லா அடிக்கற பையன். அதுக்கப்புறம் பயிற்சிக்கு வரல.

எங்கள்ல ரெண்டு பேர் அவன் வீட்டுக்குப் போய், "தம்பி, எங்களுக்கு ஒண்ணும் புரியல, நடந்ததை முதல்ல இருந்து எழுதிக் கொடு"ன்னு கேட்டோம். ஒரு பயிற்சிப் புத்தகத்துல ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்தான். வைரம்னா என்ன, யாரு விக்கறா, எது சரியான கடை, எது போலி, எங்கே அவன் ஏமாந்தான். எங்கள்ல முக்காவாசிப் பேர் ஃபேக்டரி ஆளுங்க. இயந்திரம் நின்னா ஏன் நின்னுச்சுன்னு தாள்ல எழுதி எழுதிப் பழக்கம். சொல்றோம், இருபது வருஷ அனுபவக்காரங்ககூட இவ்வளவு தெளிவா எழுத மாட்டாங்க. அதைப் படிச்சப்பதான், இதை இன்னும் நூறு அம்மா படிக்கணும்னு தோணுச்சு. தளம் ஆரம்பிக்கற எண்ணம் அங்கேதான் பொறந்துச்சு.

சூதாட்டத்தையும் வெளிப்படையா சொல்லணும். கேமுக்குள்ள காசு போட்டு ஒரு பெட்டியைத் திறக்கறது இருக்கு. உள்ள என்ன வரும்னு தெரியாது. நல்லது வரலாம், குப்பை வரலாம். பெல்ஜியம் நாடு 2018லயே இதைச் சூதாட்டம்னு சொல்லித் தடுத்துடுச்சு. அதுக்கும் மேல ஒரு படி, நேரடி ஸ்லாட்டு. "100 வெள்ளி போட்டா 300 இலவசம்"னு குறுஞ்செய்தி வராத போன் நம்ம ஊருல இருக்கா? அதுல சிலதுல பிள்ளையார் படம், மகாலட்சுமி படம் போட்டு உருட்ட விடறாங்க. பிள்ளையார் சுழிக்குப் பதிலா பிள்ளையாரையே சுழட்டுறாங்க. இதைப் பார்த்துக் கோபப்படாதவங்க, மொபைல் லெஜெண்ட்ஸ் விளையாடற பையன் மேல கோபப்படறது எங்களுக்குப் புரியல.

நம்ம நாட்டுச் சூதாட்டச் சட்டங்கள் 1953ல போட்டது. அப்ப ஹேன்போன் ஏது? தமிழ்நாட்டுல ஆன்லைன் சூதாட்டத்துல காசு போய் உயிரை விட்டவங்க குடும்பங்கள் நிறைய. அதனால அங்க தனிச்சட்டம் 2023 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்துச்சு. காசு வச்சு விளையாடற கேமை நடு ராத்திரி 12 மணியில இருந்து காலை 5 மணி வரைக்கும் மூடணும்னு விதி போட்டாங்க. கம்பெனிங்க வழக்குப் போட்டும் 2025 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லும்னு சொல்லிடுச்சு. ஆகஸ்ட்ல இந்தியா முழுசுக்குமே காசு வச்சு விளையாடறதைத் தடுத்து ஒரு சட்டம் வந்துச்சு. கவனிங்க, அந்தச் சட்டம் கேமைத் தடுக்கல. காசு வச்சு ஆடறதைத்தான் தடுத்துச்சு. போட்டி விளையாட்டை, அதான் இ-ஸ்போர்ட்ஸ், அதே சட்டம் ஆதரிக்குது.

"அதெல்லாம் சரி, ராத்திரி பகலா விளையாடறானே, அது வியாதி இல்லையா?" இது ஒரு அக்கா கேட்டது. உலகச் சுகாதார நிறுவனம் கேம் அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியல்ல சேர்த்திருக்கு, 2022 ஜனவரியில இருந்து நடைமுறை. ஆனா நிறைய நேரம் விளையாடினாலே நோய்னு அவங்க சொல்லல. நிறுத்த நினைச்சும் நிறுத்த முடியல, மத்த எல்லாத்தையும் விட அதுதான் முக்கியம்னு ஆயிடுச்சு, வாழ்க்கை கெடுதுன்னு தெரிஞ்சும் தொடருது, இப்படி சாதாரணமா பன்னண்டு மாசம் இருந்தாத்தான் அந்தப் பேரு வைப்பாங்க. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா "ஒரு மேட்ச் முடிச்சிட்டு வர்றேம்மா"ங்கறது நோய் இல்ல. அந்த கேமை நடுவுல நிறுத்தி வைக்க முடியாது, விட்டுட்டு எழுந்தா கூட ஆடற நாலு பேரும் தோப்பாங்க, அவனுக்குத் தண்டனைப் புள்ளியும் விழும். ஒரு ஆட்டம் பதினஞ்சு இருபது நிமிஷம். இது தெரிஞ்ச அம்மா இருபது நிமிஷம் முன்னாடியே கூப்பிட்டுடுவாங்க. சண்டையே வராது. எத்தனை வீட்டுல தட்டு பறந்திருக்கு இதுக்காக!

பையனுங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. 2024 ஜூலையில சவூதி ரியாத்ல நடந்த மொபைல் லெஜெண்ட்ஸ் உலகப் போட்டியில நம்ம சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் குழு பிலிப்பைன்ஸ் குழுவை 4-3ல ஜெயிச்சு பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு வாங்கினாங்க. புக்கிட் ஜாலில் அக்சியாத்தா அரங்கத்துல 2019லயும் 2024லயும் இதே கேமோட உலகக் கோப்பை நடந்துச்சு. இதையெல்லாம் பார்த்துட்டு, "அங்கிள், நாங்களும் ப்ரோ ஆகறோம்"னு வர்றானுங்க. நாங்க அவங்ககிட்ட சொன்னது இதுதான்: ஒரு குழுவுல மேடை ஏறறது அஞ்சு பேர், கூட ஒண்ணு ரெண்டு மாத்து ஆள். நாடு முழுக்க எத்தனை லட்சம் பேர் விளையாடறாங்கன்னு நீயே கணக்குப் போடு. எஸ்.பி.எம். எழுதிட்டுக் கனவு காணு. ஆனா கேமைச் சுத்தி வேற வேலையும் இருக்கு. படம் வரையறவன், கணினி நிரல் எழுதறவன், போட்டியை வர்ணனை பண்றவன், பாட்டுப் போடறவன். கோலாலம்பூர்ல மெட்ரோனோமிக்னு ஒரு கம்பெனி, ஜப்பான்ல பெரிய கேம் கம்பெனியில வேலை பார்த்த நம்ம நாட்டுக்காரர் திரும்பி வந்து ஆரம்பிச்சது. 2020ல சொந்தமா கேம் வெளியிட்டாங்க. அது ஹேன்போன் கேம் இல்ல, இருந்தாலும் நம்ம நாட்டுல உக்காந்து செய்ய முடியும்னு காட்டிட்டாங்க.

ஏன் தமிழ்ல? மலாய்லயும் இங்கிலீஷ்லயும் கேம் பத்தி ஆயிரம் தளம் இருக்கேன்னு கேட்டாங்க. இருக்கு. எல்லாம் விளையாடறவனுக்கு எழுதினது. எந்த ஹீரோ பலசாலி, எப்படி சீக்கிரம் ரேங்க் ஏறலாம்னு. அல்மாவுல இருக்கற ஒரு பாட்டி, மாச்சாங் பூபோக்ல இருக்கற ஒரு அம்மா, பேரன் கையில இருக்கறது என்னன்னு தெரிஞ்சுக்க ஒரு வரி கிடையாது. ஹேன்போன்ல தமிழ் வர்றதுக்கே பாடுபட்டவங்கள்ல நம்ம நாட்டு முத்து நெடுமாறன் முக்கியமானவர். முரசு அஞ்சல் செஞ்சவர், 2005 பொங்கலுக்கு செல்லினம் கொண்டு வந்து சாதாரண போன்லயே தமிழ்ல குறுஞ்செய்தி அனுப்ப வச்சவர். அந்த எழுத்து இன்னிக்கு எல்லார் போன்லயும் சும்மா கிடக்குது, நம்ம பிள்ளைங்க "டீச்சர் நாளைக்கு வரல"ங்கறதைக்கூட இங்கிலீஷ் எழுத்துல தட்டுறாங்க. கேமைப் பத்தி எழுதச் சொன்னாத்தான் தமிழ்ல தட்டுவாங்கன்னா, சரி, கேமைப் பத்தியே எழுதட்டும்.

வேலை ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு. பாதிப் பிள்ளைங்க தேசியப் பள்ளி, தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். அவங்க வாயால சொல்றாங்க, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்க எழுதறாங்க. ஒவ்வொரு பக்கத்துக்கும் குரல் பதிவும் உண்டு, படிக்க முடியாதவங்க கேட்டுக்கலாம். வார்த்தைக்குத்தான் பெரிய சண்டை. ஹீரோவுக்குப் போடற உடுப்பை "ஸ்கின்"ங்கறாங்க. அதைத் தமிழ்ல என்ன சொல்றது? தோல்னு சொன்னா நல்லா இல்ல. ஒரு பொண்ணு "அலங்காரம்"னு சொல்லுச்சு. "நவராத்திரி ஒன்பது நாளும் அம்மனுக்கு ஒவ்வொரு அலங்காரம், உள்ள அதே அம்மன்தானே. ஸ்கின் மாத்தினாலும் உள்ள அதே ஹீரோதான்." ஒரு பெரியவருக்கு அம்மனோட ஒப்பிட்டது பிடிக்கல, முகத்தைச் சுளிச்சார். எங்களுக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. ஆனா அந்த விளக்கத்தைக் கேட்டதும் அங்க இருந்த ஒரு பாட்டி, "அலங்காரத்துக்கா அம்பது வெள்ளி கேட்டான் என் பேரன்?"னு ஒரே நொடியில பிடிச்சுக்கிட்டாங்க. வார்த்தை வேலை செய்யுது. வச்சுக்கிட்டோம்.

ஃபேக்டரியில புது லைன் ஆரம்பிக்கறப்போ நேரா முழு உற்பத்திக்குப் போக மாட்டோம், கொஞ்சமா ஓட்டிப் பார்ப்போம். அதே மாதிரி முதல்ல பத்துப் பக்கம்தான். மொபைல் லெஜெண்ட்ஸ், ஃப்ரீ ஃபயர், பப்ஜி, ரோப்ளாக்ஸ்னு நம்ம பிள்ளைங்க நிஜமா விளையாடறது மட்டும். ஃப்ரீ ஃபயர் ஏன்னு கேட்டவங்களுக்கு: பழைய சின்னப் போன்லகூட ஓடும், அதனாலதான் நம்ம வீடுகள்ல அதிகம். அது பக்கத்துல சிங்கப்பூர் கம்பெனி கரேனா வெளியிடறது. அப்புறம், பிளே ஸ்டோர்ல ஒவ்வொரு தடவை வாங்கறப்பவும் கடவுச்சொல் கேக்கற மாதிரி எப்படி மாத்தறதுன்னு ஒரு பக்கம். இதுக்கு மட்டும் படத்தோட போடுறோம், ஏன்னா ரெண்டு நிமிஷ வேலை, பாதிப் பிரச்சனை அதுலயே தீருது.

விளம்பரம் கிடையாது. கேம் தளத்துல விளம்பரத்துக்கு இடம் விட்டா முதல்ல வந்து உக்கார்றது ஸ்லாட்டுக்காரன்தான். பிள்ளைங்க படமோ முழுப் பேரோ எங்கேயும் வராது. வைரம் வாங்க இணைப்பு கொடுக்க மாட்டோம், நல்ல கடைக்குக்கூட. சாமி படம் போட மாட்டோம். ".மை" பேரா வேற பேரான்னு பிள்ளைங்க பேசிக்கிட்டு இருக்காங்க. "பரமபதம்"னு வைக்கலாம்னு ஒரு கூட்டம், அது வேண்டாம், சாவுச் செய்தி மாதிரி இருக்குன்னு இன்னொரு கூட்டம். ரெண்டுமே சரியாத்தான் படுது.

வர்ற ஞாயிறு காலை சமய வகுப்பு முடிஞ்சதும், பதினொன்றரைக்கு, மேல் அறையில கூடுறோம். பெத்தவங்க வந்து பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க. தோத்தா பரவாயில்ல, எல்லாருமே தோக்கத்தான் போறோம். தமிழாசிரியர் யாராவது பிழை திருத்த வந்தா புண்ணியமா போகும், "ண, ன" ரெண்டும் எங்களை ரொம்ப சோதிக்குது. இந்தத் திட்டம் வேண்டாம்னு நினைக்கறவங்க கட்டாயம் வாங்க, உங்க கேள்விதான் எங்களுக்கு வேணும். மதியம் சாம்பார் சாதமும் வடையும் உண்டு. தலை எண்ணிக்கை சனிக்கிழமை மாலைக்குள்ள குழுவுல போட்டுடுங்க.

அந்தப் பையன் எழுதின ரெண்டு பக்கத்தைத் தட்டச்சு பண்ணி முடிச்சாச்சு. அவனே வந்து உக்காந்து தட்டினான், ரெண்டு ஞாயிறு. உறுமிப் பயிற்சிக்கு இன்னும் வரல. அவன் அடிக்கற உறுமி மேளக் கொட்டகையில உறை போட்டு அப்படியே இருக்கு, வேற யாருக்கும் கொடுக்க வேண்டாம்னு மேளக் குழுத் தலைவர்கிட்ட சொல்லி வச்சிருக்கோம். அவன் பக்கம்தான் தளத்துல முதல் பக்கம். அந்த அம்மாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். சனிக்கிழமை வந்து படிச்சுப் பார்த்து, சரின்னு சொன்ன பிறகு ஏத்துவோம்.

ஓம் சக்தி.
புக்கிட் மெர்தாஜாம், ஆலய சேவைக் குழுவினர்